சர்க்கரை நோயும் ரமலான் நோன்பும்: முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை

சர்க்கரை நோய் இருந்தால் ரமலான் நோன்பு வைக்கலாமா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் 40 வயதுக்காரருக்கு ஒரு பதில். நாளுக்கு நான்கு தடவை இன்சுலின் போட்டுக்கொள்ளும், சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட 68 வயதுக்காரருக்கு வேறு பதில். இருவருக்கும் பொதுவானது ஒன்றுதான். எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது, மீட்டரில் எந்த எண் வந்தால் நோன்பை முறிப்பது என்பதை ரமலான் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். மாலை 5 மணிக்குச் சர்க்கரை 58-க்கு இறங்கிய பிறகு யோசிக்கலாம் என்று விட்டால், யோசிக்க வேண்டிய மூளைக்கே அப்போது குளுக்கோஸ் பற்றாது.

பகலில் உடம்புக்குள் நடப்பது

சஹரில், அதாவது விடியலுக்கு முந்தைய உணவில், சாப்பிட்டது செரித்து இரத்தத்தில் சேர்ந்து முடிய ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு கல்லீரல் பொறுப்பேற்கிறது. கிளைகோஜன் என்ற வடிவில் தன்னிடம் உள்ள இருப்பை, சராசரியாக 100 கிராம் அளவிலானதை, கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. மூளை மட்டுமே மணிக்குச் சுமார் 5 கிராம் குளுக்கோஸை எரிக்கும் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த இருப்பு ஒரு பகலைத் தாண்டி அதிக தூரம் வராது என்பது புரியும். இருப்பு குறையக் குறைய உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது கீட்டோன்கள் உண்டாகும்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இதில் சிக்கல் இல்லை. சாப்பாடு வராதபோது கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும், சர்க்கரையை ஏற்றும் குளுகாகன் என்ற ஹார்மோனைக் கூட்டும், சர்க்கரை ஒரு மட்டத்தில் நிற்கும். ஆனால் ஊசி வழியே போட்ட இன்சுலினைத் திரும்பப் பெற முடியாது. கணையத்தைத் தூண்டும் மாத்திரையும் வயிறு காலியாக இருப்பதைப் பார்த்து வேலையை நிறுத்தாது. நோன்பில் தாழ்சர்க்கரை வருவதற்குக் காரணம் பசி என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம், சாப்பாட்டுக்காகக் கணக்கிட்ட மருந்து சாப்பாடு இல்லாத நேரத்தில் வேலை செய்வதுதான்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. ‘சாப்பிடாத நாளில் மருந்து எதற்கு’ என்று முழுவதுமாக நிறுத்திவிடுபவர்களுக்குக் கல்லீரல் கட்டுப்பாடில்லாமல் சர்க்கரையை வெளியே விடும். உண்ணாமலேயே 300-ஐத் தாண்டுவது இப்படித்தான். முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் கீட்டோன்கள் பெருகி இரத்தம் அமிலமாகும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. 2001-ஆம் ஆண்டு 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த எபிடியார் ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கான தாழ்சர்க்கரை ரமலானில் முதல் வகையினருக்கு 4.7 மடங்கும், இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியது தெரிந்தது. அப்போதைவிட இன்று பாதுகாப்பான மருந்துகள் உள்ளன. ஆனாலும் இந்த எண்கள் எந்தத் திட்டமும் இல்லாமல் நோன்பு வைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கின்றன.

யாருக்கு எவ்வளவு ஆபத்து

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் ரமலான் நீரிழிவுக்கான பன்னாட்டுக் கூட்டணியும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. ஒவ்வொரு அம்சத்துக்கும் புள்ளி கொடுத்துக் கூட்ட வேண்டும். 0 முதல் 3 வரை குறைந்த ஆபத்து, 3.5 முதல் 6 வரை நடுத்தரம், 6-க்கு மேல் அதிக ஆபத்து.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் (0). நோய் வந்து 12 ஆண்டு (10 ஆண்டு ஆனாலே 1). மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 8 சதவீதம் (7.5 முதல் 9 வரை 1). கிளிமெபிரைட் மாத்திரை (0.5). சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 50 (45 முதல் 60 வரை 2). வீட்டில் சர்க்கரை பார்க்க வேண்டியவர், ஆனால் பார்ப்பதே இல்லை (2). மொத்தம் 6.5, அதாவது அதிக ஆபத்து. இதே ஆள் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிச் சொன்னபடி சோதித்துக்கொண்டால் அந்த 2 புள்ளி போய் 4.5 ஆகிறது, நடுத்தரத்துக்கு இறங்கிவிடுகிறார். மாத்திரை மாறவில்லை, சிறுநீரகம் மாறவில்லை, விரலில் குத்திப் பார்த்தது மட்டும்தான் மாறியது.

சில அம்சங்கள் தனியாகவே 6-ஐத் தாண்டிவிடும். தாழ்சர்க்கரை வந்தாலும் அறிகுறி தெரியாத நிலை, நிலையற்ற இதய நோய் அல்லது பக்கவாதம், இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத கர்ப்பம், நினைவு மங்கிய அல்லது உடல் மிகவும் தளர்ந்த முதுமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் 6.5 புள்ளி. இவர்களுக்கு நோன்பு வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. அண்மையில் பிறர் உதவியில்லாமல் மீள முடியாத அளவுக்குத் தாழ்சர்க்கரை வந்திருந்தால் 5.5 புள்ளி, கூட இன்னும் 1 புள்ளி சேர்ந்தாலே எல்லையைத் தாண்டும். நாள் முழுக்கக் கடுமையான உடலுழைப்பு செய்பவருக்கு 4, நோன்பு நேரம் 16 மணியோ அதற்கு மேலோ நீண்டால் 1 என்றும் சேரும்.

‘போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். போன வருடத்துக்குப் பிறகு மருந்து மாறியிருக்கலாம், சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். ரமலானும் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருப்பதால் வெயிலும் பகல் நீளமும்கூட மாறுகின்றன. கணக்கை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டும்.

மார்க்கம் தரும் இடம்

நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்பதை அல்குர்ஆன் 2:184, 185 வசனங்கள் தெளிவாகச் சொல்கின்றன. குணமாகும் அல்லது நிலை சீராகும் வாய்ப்புள்ளவர் விட்ட நோன்பைக் களாவாக நோற்பார். இனி நோற்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவர் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுப்பார். இதில் நுணுக்கமான சட்டங்கள் மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபடும் என்பதால் ஆலிமிடம் கேட்பது நல்லது. போகும்போது மருத்துவர் சொன்னதை எழுத்தில் கொண்டுபோங்கள். ‘டாக்டர் வேண்டாம் என்கிறார்’ என்பதைவிட ‘இஜிஎஃப்ஆர் 28, தாழ்சர்க்கரை இரண்டு தடவை வந்தது, அதிக ஆபத்து’ என்று இருந்தால் அவர் தரும் பதிலும் தெளிவாக இருக்கும்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதாலோ, இன்சுலின் ஊசி போடுவதாலோ நோன்பு முறியாது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. இதைத் தெரியாமல் பகல் முழுக்கச் சோதிக்காமல் இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். நோன்பில் நேரும் பல விபத்துகளுக்கு இந்தத் தயக்கம் வழிவிடுகிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பு

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். முந்தின வாரம் போனால் மாத்திரையை மாற்றிப் பார்த்து, அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கவனிக்க அவகாசம் இருக்காது. எச்பிஏ1சி, கிரியாட்டினினும் இஜிஎஃப்ஆரும், இரத்த அழுத்தம் ஆகியவை கையில் இருக்கட்டும். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அட்டையோடு கொண்டுபோங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெயில் நாளில் அது நீர்ச்சத்தை மேலும் இழக்கவைக்கும். இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ தரும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரையில் வரும் நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சும் எச்சரிக்கை வியர்வைதான்.

மருத்துவர் நோன்புக்கான அளவுகளை எழுதித் தந்தபின் ஷஃபான் மாதத்தில் ஓரிரு நாள் ஒத்திகை நோன்பு வைத்துப் பாருங்கள். அந்த நாளில் கொஞ்சம் அதிகமாகவே சோதியுங்கள். உங்கள் சர்க்கரை எந்த நேரத்தில் இறங்குகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சிலருக்கு முற்பகல் 11 மணிக்கு, சிலருக்கு அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்துக்குப் பிறகு. திட்டத்தில் உள்ள ஓட்டை ரமலானில் தெரிவதைவிட இங்கே தெரிவது மேல்.

மருந்துகள்: எது, எப்போது, எவ்வளவு

இங்கே சொல்லும் அளவுகள் மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் வரம்புகள். உங்களுக்கான எண்ணை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் ஏன் அப்படி மாற்றுகிறார் என்பது புரிந்தால் தவறு நேராது.

மெட்ஃபார்மின் தனியாகத் தாழ்சர்க்கரையை உண்டாக்குவது அரிது. நாளுக்கு ஒரு வேளை எடுப்பவர் இஃப்தாரில், அதாவது மாலையில் நோன்பு திறக்கும்போது, எடுத்தால் போதும். இரு வேளை என்றால் இஃப்தாரிலும் சஹரிலும். மூன்று வேளை 500 மில்லிகிராம் எடுப்பவர், மதியத்தையும் இரவையும் சேர்த்து இஃப்தார் உணவோடு 1000, சஹரில் 500 என்று எடுப்பது வழக்கம். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், பயோகிளிட்டசோன் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அளவு மாற்றம் தேவைப்படாது.

கவனம் தேவைப்படுவது சல்ஃபோனைல்யூரியா வகை. கிளிமெபிரைட், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கவைப்பவை இவை. இவற்றில் கிளிபென்கிளமைட் நீண்ட நேரம் வேலை செய்யும், சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பிலேயே தங்கும். நோன்புக்கு முன் வேறு மருந்துக்கு மாறுவதே நல்லது. மற்றவற்றை ஒரு வேளை எடுப்பவர் காலை மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றிக்கொள்வார். இரு வேளை என்றால் இஃப்தார் அளவு அப்படியே இருக்கும், சஹர் அளவைப் பாதியளவு வரை மருத்துவர் குறைப்பார்.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. பல அட்டைகளில் இருப்பது கூட்டு மாத்திரை: கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் ஒன்றாக. ‘மெட்ஃபார்மினுக்கு மாற்றம் வேண்டாம் என்றார்களே’ என்று அதைச் சஹரில் முழுதாகப் போட்டுக்கொண்டால், உள்ளே இருக்கும் கிளிமெபிரைட் மதியம் வேலையைக் காட்டும். பெயர் எதுவாக இருந்தாலும் அட்டையின் பின்புறம் எழுதியிருக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுபவை. கூடவே நீரும் போகும். ஏற்கெனவே பழகியவர் இஃப்தாரில் எடுத்துக்கொண்டு இரவில் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம். புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் ரமலானுக்கு 2 முதல் 4 வாரமாவது முன்னே தொடங்க வேண்டும். ரமலான் நடுவே தொடங்கக் கூடாது. இந்த மருந்தில் இருப்பவருக்குக் குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் மீட்டரில் சர்க்கரை 200-க்குக் கீழே இருந்தாலும் கீட்டோன் பார்க்க வேண்டும். சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் நிலை இந்த மருந்துகளில் அரிதாக வரும், நீர்ச்சத்துக் குறைவு அதைத் தூண்டும். பசியையும் சர்க்கரையையும் குறைக்க வாரம் ஒரு முறை போடும் ஜிஎல்பி-1 வகை ஊசிகளின் அளவைக் கூட்டும் வேலையையும் முன்பே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் வாந்தியும் நோன்பும் சேர்ந்து உடம்பை வாட்டும்.

இன்சுலினுக்கு வருவோம். நாளுக்கு ஒரு முறை போடும் நீண்டநேர இன்சுலினை, கிளார்ஜின் போன்றவற்றை, இஃப்தாரில் போட்டு அளவை 15 முதல் 30 சதவீதம் குறைப்பது வழக்கம். டெக்லுடெக் என்ற நீண்டநேர இன்சுலின் 40 மணி நேரத்துக்கும் மேல் உடம்பில் நிற்கும். அதைக் குறைத்ததன் பலன் முழுதாகத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் முன்கூட்டியே குறைக்கத் தொடங்க வேண்டும். உணவுக்கு முன் போடும் துரித இன்சுலினில் மதிய ஊசி இல்லை. இஃப்தாரில் வழக்கமான அளவு. சஹரில் 25 முதல் 50 சதவீதம் குறைவு.

அதிகம் தவறு நடப்பது கலவை இன்சுலினில். 30/70 வகையை ஒருவர் காலையில் 30 யூனிட், இரவில் 20 யூனிட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரமலான் வந்ததும் ‘காலை ஊசி காலையில்’ என்று சஹரில் 30 போடுகிறார். அதில் 70 சதவீதம் நடுத்தர நேர இன்சுலின். 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். காலை 5 மணிக்குப் போட்டது நண்பகலில் உச்சத்துக்கு வரும்போது மதியச் சாப்பாடு இல்லை. சர்க்கரை விழுந்தே தீரும். செய்ய வேண்டியது தலைகீழ் மாற்றம்: பெரிய உணவு இஃப்தாரில் என்பதால் 30 யூனிட் அங்கே போகும்; இரவின் 20 யூனிட் சஹருக்கு வந்து, 25 முதல் 50 சதவீதம் குறைந்து 10 முதல் 15 யூனிட்டாகும். அதன்பின் இஃப்தாருக்கு முன் பார்க்கும் எண்ணை வைத்துச் சஹர் அளவையும், சஹருக்கு முன் பார்க்கும் எண்ணை வைத்து இஃப்தார் அளவையும் மருத்துவர் திருத்துவார். எந்த ஊசி எந்த எண்ணுக்குப் பொறுப்பு என்று தெரிந்தவர் தொலைபேசியிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம்.

எப்போது சோதிப்பது

மெட்ஃபார்மின் போன்ற மருந்து மட்டும் எடுப்பவருக்கு நாளுக்கு ஒன்றிரண்டு தடவை போதும். இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா எடுப்பவர், முதல் வாரத்திலாவது, சஹருக்கு முன், காலை, நண்பகல், பிற்பகல், இஃப்தாருக்கு முன், இஃப்தாருக்கு 2 மணி நேரம் கழித்து என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரிப் இல்லையென்றால் நண்பகலையும் பிற்பகலையும் விட்டுவிடாதீர்கள். இவை போக, உடம்பு சரியில்லை என்று தோன்றும் எந்த நேரமும். நோன்பாளியின் சோர்வும் தாழ்சர்க்கரையின் சோர்வும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மீட்டரைத் தவிர வேறு எதுவும் பிரித்துச் சொல்லாது.

குத்துவதற்கு முன் விரலைத் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடையுங்கள். இஃப்தாருக்காகப் பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்த கையோடு குத்தினால், விரலில் ஒட்டிய சர்க்கரை எண்ணைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். உண்மையில் 65 இருப்பவருக்கு 140 காட்டினால் அது ஆபத்தான ஆறுதல். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: சென்சார் காட்டுவது தோலடித் திரவத்தின் அளவு, இரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். வேகமாக இறங்கும்போதும், அறிகுறியும் எண்ணும் பொருந்தாதபோதும் விரலில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

நோன்பை முறிக்க வேண்டிய எண்கள்

டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் 3.9): உடனே முறிக்க வேண்டும். 300-க்கு மேல் (16.6): உடனே முறிக்க வேண்டும். 70-க்கும் 90-க்கும் இடையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் தாழ்சர்க்கரை அறிகுறி, தலைசுற்றல், மயக்கம், குழப்பம், வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்தால் முறிக்க வேண்டும். மில்லிமோல் காட்டும் மீட்டர் வைத்திருப்பவர் 18-ஆல் பெருக்கிக்கொண்டால் மில்லிகிராம் கிடைக்கும்.

மக்ரிபுக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) முந்தைய கடைசி ஒரு மணி நேரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ‘இன்னும் அரை மணிதானே’ என்று தோன்றும் நேரம் அது. 66 என்று காட்டிய சர்க்கரை அரை மணியில் அங்கேயே நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மருந்தின் வேலை இன்னும் மிச்சமிருந்தால் 45-க்குப் போகலாம். சர்க்கரை தாழும்போது எரிச்சலும் பிடிவாதமும் வரும் என்பதும் சேர்ந்துகொள்கிறது: முறிக்கச் சொல்லும் மனைவி மீதும் பிள்ளைகள் மீதும் கோபம் வரும். அதனால்தான் எண்ணை முன்பே முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். வண்டி ஓட்டுபவர், உயரத்தில் அல்லது இயந்திரத்தில் வேலை செய்பவர் இதில் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்திருந்தால் வண்டியை நிறுத்துங்கள். சரியான பிறகும் உடனே எடுக்காதீர்கள்.

தாழ்சர்க்கரையில் முறிக்கும்போது விரைவாகச் செரிக்கும் 15 கிராம் மாவுச்சத்து தேவை. 15 கிராம் குளுக்கோஸ் பொடி, அல்லது 3 முதல் 4 தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது சர்க்கரை சேர்த்த குளிர்பானம் 150 மில்லிலிட்டர். ‘டயட்’ வகைக் குளிர்பானம் உதவாது. சாக்லேட்டும் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு 15 கிராம். சரியானதும் ஒரு சாதாரண உணவு சாப்பிட வேண்டும். அகார்போஸ் எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை வேலை செய்யாது, அந்த மருந்து அதன் செரிமானத்தையே தடுக்கும். குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கைவசம் குளுகாகன் ஊசி இருந்தால் போட்டு, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சல்ஃபோனைல்யூரியா மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை சரியான பிறகும் பல மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்; அன்றிரவு தனியாக விடாதீர்கள்.

300-க்கு மேல் ஏறி முறிப்பவர் குடிக்க வேண்டியது வெறும் தண்ணீர். பழக்கத்தில் பேரீச்சம்பழமும் சர்பத்தும் எடுத்தால் நிலைமை மோசமாகும். முறிப்பதன் நோக்கம் நீர்ச்சத்தை மீட்பதும் மருந்து எடுப்பதும்தான். முதல் வகையினர் கீட்டோனும் பார்த்து, இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இஃப்தாரும் சஹரும்

சுன்னத்தான பேரீச்சம்பழத்தைக் கைவிட வேண்டியதில்லை, அளவு தெரிந்தால் போதும். மெஜூல் போன்ற பெரிய வகையில் ஒரு பழத்திலேயே சுமார் 18 கிராம் மாவுச்சத்து இருக்கும். சிறிய வகைகளில் 5, 6 கிராம்தான். எனவே ‘மூன்று பழம்’ என்ற கணக்கு சிலருக்கு 18 கிராம், சிலருக்கு 54 கிராம். பெரியது என்றால் ஒன்று, சிறியது என்றால் இரண்டு மூன்று, கூடவே தண்ணீர். மக்ரிப் தொழுதுவிட்டு உணவுக்கு வந்தால் அந்தச் சிறு இடைவெளியே அவசரத்தைத் தணிக்கும்.

தட்டில் பாதி காய்கறி, கால் பாகம் பருப்பு, மீன், கோழி, முட்டை போன்ற புரதம், கால் பாகம் சோறு அல்லது ரொட்டி. எண்ணெயில் பொரித்தவையும் இனிப்புப் பானமும் சேர்ந்து வரும்போதுதான் இஃப்தாருக்குப் பிந்தைய எண் 300-ஐத் தொடுகிறது. 2 மணி நேரம் கழித்து 180-க்குள் இருப்பது நல்ல இலக்கு. பொரித்த உணவின் கொழுப்பு செரிமானத்தைத் தாமதிப்பதால் சர்க்கரை ஏற்றம் சில சமயம் 4 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். 2 மணி எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்து, சஹருக்கு முன் 240-ஐப் பார்த்துத் திகைப்பவர்கள் இரவு என்ன சாப்பிட்டார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சஹரைத் தவறவிடுவது பெரிய தவறு. இரவு 10 மணிக்கு உண்டுவிட்டுத் தூங்கி, சஹர் இல்லாமல் நோன்பைத் தொடர்ந்தால் உண்ணாத நேரம் 20 மணியாகிவிடும். எழ முடியாமல் சஹர் போய்விட்ட நாளில், இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவர் அன்றைய நோன்பைத் தொடர்வது பாதுகாப்பில்லை. சஹரை முடிந்தவரை தாமதித்து, ஃபஜ்ர் நேரத்தை ஒட்டி உண்ணுங்கள். முழுதானியம், பயறு, முட்டை, தயிர், காய்கறி போன்று மெதுவாகச் செரிப்பவை பகலில் நின்று உதவும். வெள்ளை ரொட்டியும் ஜாமும் இரண்டு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். உப்பும் ஊறுகாயும் தாகத்தைக் கூட்டும்.

தண்ணீர் இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையில் 2 முதல் 2.5 லிட்டர், மணிக்கு ஒன்றிரண்டு டம்ளராகப் பிரித்து. இதய, சிறுநீரக நோயால் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

தராவீஹ் தொழுகை உடற்பயிற்சிக்குச் சமம், அதைத் தனியாகக் கணக்கில் எடுங்கள். இஃப்தாரில் இன்சுலின் போட்டுக் குறைவாக உண்டு, நீண்ட நேரம் தொழுதால் சர்க்கரை இறங்கலாம். பையில் தண்ணீரும் குளுக்கோஸும் இருக்கட்டும். பகலில் சாதாரண வேலைகள் செய்யலாம். அஸருக்குப் பின் வேக நடையோ கனமான வேலையோ வேண்டாம்.

ரமலானுக்குப் பிறகு

பெருநாள் காலையில் உணவு பழைய நேரத்துக்குத் திரும்பும், மருந்தும் அன்றே திரும்ப வேண்டும். இது மறந்துபோவது சாதாரணம். இஃப்தாரில் 30, சஹரில் 10 என்று பழகியவர் பெருநாள் மாலையும் 30 யூனிட் போட்டுக்கொண்டு, பகலெல்லாம் இனிப்போடு அலைந்துவிட்டு, இரவில் குறைவாக உண்டு படுத்தால் நள்ளிரவில் சர்க்கரை விழும். நோன்பு அளவை எழுதித் தரும் அதே சீட்டில் பெருநாளிலிருந்து எடுக்க வேண்டிய அளவையும் எழுதித் தரக் கேளுங்கள்.

ஷவ்வாலின் ஆறு நோன்பு, அரஃபா நாள், திங்கள் வியாழன் நோன்புகளுக்கும் இதே மருந்துக் கணக்குத்தான். ஒரு சிறு வேறுபாடு: ரமலானில் உடம்பு சில நாட்களில் ஒரு நேரத்துக்குப் பழகிவிடும், ஒற்றை நாள் நோன்பில் அந்தப் பழக்கம் இருக்காது. நீண்டநேர இன்சுலின் போடுபவருக்கு முந்தின நாள் போட்ட முழு அளவும் நோன்பு நாளில் மிச்சமிருக்கும் என்பதால், குறைப்பதை முந்தின நாளே தொடங்க வேண்டியிருக்கலாம். விட்ட ரமலான் நோன்புகளைக் களா செய்ய முடிகிறவர்கள் பகல் குறுகிய, வெயில் குறைந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்து, தொடர்ச்சியாக இல்லாமல் ஒன்றுவிட்டு ஒரு நாளாக வைத்தால் ஒவ்வொரு நாளுக்குப் பின்னும் எண்களைப் பார்த்து அளவைத் திருத்த நேரம் கிடைக்கும்.